அமிலாய்டைத் துடைத்தாயிற்று, ஞாபகம் ஏன் திரும்பவில்லை?

மாத்திரைப்பெட்டி | வெள்ளி, இரவு 10:12

ஞாயிறுதோறும் அப்பாவின் மாத்திரைப்பெட்டியை நிரப்புவது என் வேலை. ஏழு நாள், நாளுக்கு மூன்று அறை. அதில் இரண்டு மாத்திரை அல்சைமருக்கு: டோனெபெசில், மெமான்டைன். "இது நோயை நிறுத்தாது, இருப்பதைக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான்" என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

நேற்று சும்மா தேடிப் பார்த்தேன். டோனெபெசில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1996இல். மெமான்டைன் 2003இல். 2003இல் நான் வைத்திருந்த செல்போனை இன்று குழந்தைகூட விளையாடக் கேட்காது. மாத்திரை மட்டும் அதேதான்.

வருடத்துக்கு இரண்டு முறையாவது "அல்சைமருக்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று யாராவது குடும்பக் குழுவில் செய்தி அனுப்புகிறார்கள். அம்மா அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு என்னிடம் ஒரு பதில் வேண்டும். அலாய்ஸ் அல்சைமர் இந்த நோயை விவரித்தது 1906இல். நூறு வருடம் தாண்டியும் ஏன் இவ்வளவு கஷ்டம்? துறையில் இருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பொடி, எண்ணெய், மூச்சுப்பயிற்சி சிபாரிசு வேண்டாம், தயவுசெய்து.

எலிவளை | இரவு 10:51

ஏழு வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். இப்போது வெளியே வந்துவிட்டதால் கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாம்.

முதல் விஷயம், சுண்டெலிகளுக்கு அல்சைமர் வருவதில்லை. அது வாழ்வதே இரண்டு, மூன்று வருடம். அதனால் மனிதர்களில் பரம்பரை அல்சைமரை உண்டாக்கும் பழுதான மரபணுவை எடுத்து எலிக்குள் செருகினார்கள். 1995இல் அந்த வகையில் ஒன்று நன்றாக அமைந்தது. மூளை முழுக்க அமிலாய்டு என்ற புரதத்தின் படிவு. ஆனால் மனித மூளையில் நடக்கும் மற்ற இரண்டும், அதாவது டாவ் புரதம் நரம்பணுவுக்குள் முடிச்சு முடிச்சாகத் திரள்வதும், நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதும், அந்த எலிகளில் கிடையாது. தும்பிக்கையை மட்டும் செய்து வைத்துவிட்டு யானை என்று பெயர் வைத்தோம்.

அடுத்தது ஞாபகத்தை அளக்கும் விதம். ஒரு வட்டத் தொட்டி. தண்ணீரில் வெள்ளைச் சாயம் கலந்து கலங்கலாக்குவோம். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மேடை. எலி நீந்திப் போய் அதில் ஏற வேண்டும், 60 நொடி அவகாசம். மருந்து கொடுத்த எலிகள் சீக்கிரம் ஏறினால் கட்டுரை தயார். ஆனால் சில எலிகள் நீந்தவே நீந்தாது. காலை விரித்து மிதந்துகொண்டு என்னையே பார்க்கும். மேடை இருக்கும் இடம் மறந்துவிட்டதா, இல்லை, 60 நொடி ஆனால் இவன் எப்படியும் தூக்கி வெளியே விடுவான் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறதா? இன்னொரு கூத்து: பலரும் பயன்படுத்திய ஒரு எலி வகையின் வம்சத்தில் விழித்திரையை அழிக்கும் மரபணுவும் கலந்திருந்தது. அதைச் சோதித்துக் கழிக்காவிட்டால், கண் தெரியாத எலியை மறதிக்கார எலி என்று எழுதிவிடுவோம்.

இந்தத் தொட்டியில் அல்சைமரை நாங்கள் நூற்றுக்கணக்கான தடவை குணப்படுத்தியிருக்கிறோம். உங்கள் குடும்பக் குழுவுக்கு வரும் செய்திகளில் பல இந்தத் தொட்டியிலிருந்து புறப்பட்டவைதான்.

சந்தேகப்பிராணி | இரவு 11:20

பாவம், எலி மேல் பழியைப் போட வேண்டாம். 2002 முதல் 2012 வரை நடந்த அல்சைமர் மருந்துப் பரிசோதனைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். தோல்வி 99.6 சதவீதம். தேறியது மெமான்டைன் ஒன்றுதான். இது ஏதோ துரதிர்ஷ்டம் இல்லை. 1992இல் ஹார்டி, ஹிக்கின்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் "அமிலாய்டு சேர்வதுதான் தொடக்கம், மற்றதெல்லாம் அதன் பின்விளைவு" என்று எழுதினார்கள். அன்றிலிருந்து பணம் ஒரே வாய்க்காலில்தான் பாய்ந்தது. வேறு கோணத்தில் ஆராய்ந்தவர்கள் நிதிக்கு அலைந்த கதையை அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் 2006இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த அந்தக் கட்டுரை. அமிலாய்டின் ஒரு குறிப்பிட்ட வடிவம் எலிகளின் ஞாபகத்தைக் கெடுக்கிறது என்றார்கள். ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின. 2022இல் அதன் படங்களில் கைவைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வெளியே வந்தது, 2024இல் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. பதினெட்டு வருடம்!

எலிவளை | இரவு 11:43

வாய்க்கால் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நானே அந்தத் தண்ணீரைக் குடித்தவன்தான்.

ஆனால் 2006 கட்டுரையை உருவிவிட்டால் கட்டடமே சரிந்துவிடும் என்பது சரியில்லை. அது ஒரு ஜன்னல், அஸ்திவாரம் வேறு இடத்தில் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் மூன்று பிரதி. அமிலாய்டு எந்தப் புரதத்திலிருந்து வெட்டப்படுகிறதோ, அந்தப் புரதத்தின் மரபணு அதே குரோமோசோமில்தான் இருக்கிறது. நாற்பது வயதுக்குள் பெரும்பாலும் அவர்கள் எல்லோர் மூளையிலும் படிவு வந்துவிடும். 1991இல், அந்த மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் தலைமுறை தலைமுறையாக நடுவயதில் அல்சைமர் வரும் குடும்பம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 2012இல் ஐஸ்லாந்தில் நேர் எதிரான மாற்றம் கிடைத்தது: அமிலாய்டு குறைவாக உற்பத்தியாகும், அது உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பும் குறைவு. இதில் எதிலும் யாரும் படத்தை ஒட்டி வெட்டவில்லை.

தீக்குச்சி எது என்று தெரியும். வீடு பாதி எரிந்த பிறகு தீக்குச்சியை அணைத்தால் என்ன லாபம் என்பதுதான் என் கேள்வி.

பென்சில்முனை | சனி, காலை 6:35

இரவு நல்ல பேச்சைத் தவறவிட்டிருக்கிறேன். நான் மருந்துப் பரிசோதனைகளில் மதிப்பெண் போடுகிறவள். மருந்து வேலை செய்ததா இல்லையா என்று உலகம் படிக்கும் எண் என்னைப் போன்றவர்களின் பென்சிலிலிருந்துதான் கிளம்புகிறது. அது எப்படி உருவாகிறது என்று யாரும் கேட்பதே இல்லை, அதனால் நானே சொல்கிறேன்.

ஆறு கட்டங்கள்: ஞாபகம், இட-நேர உணர்வு, முடிவெடுப்பது, வெளி வேலைகள், வீடும் பொழுதுபோக்கும், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. கூட்டினால் 18. எண் ஏற ஏற நிலைமை மோசம்.

முதலில் நோயாளியின் கூடவே இருப்பவரிடம் தனியாகப் பேசுவேன். போன வாரம் வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்வேன். அப்புறம் அவரை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியிடம் அதையே கேட்பேன். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வருவார், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. போன சனிக்கிழமை பேத்தியின் பிறந்தநாள் என்று அவர் மனைவி சொல்லியிருந்தார். "போன வாரம் வீட்டில் ஏதும் விசேஷமா ஐயா?" என்றேன். "ஆமாம், வழக்கம்போல நன்றாக நடந்தது" என்றார். "என்ன விசேஷம்?" "அதுதான் அவள் உங்களிடம் சொல்லியிருப்பாளே!" என்று சிரித்தார். அவ்வளவு இயல்பான சிரிப்பு. ஞாபகக் கட்டத்தில் இதற்கு 0.5 போடுவதா, 1 போடுவதா? அவர் தப்பித்துக்கொண்டாரா, கிண்டல் செய்தாரா? பத்து வருட அனுபவத்துக்குப் பிறகும் கை ஒரு நொடி நிற்கும்.

அந்த அம்மா இரவெல்லாம் தூங்காமல் வந்த மாதம் கணவரின் நிலைமை "ரொம்ப மோசம்". மகள் வந்து பத்து நாள் தங்கிவிட்டுப் போன மாதம் "பரவாயில்லை". அவர் மூளையில் அந்த ஒரு மாதத்தில் என்ன பெரிதாக மாறியிருக்கும்?

அமிலாய்டைத் துடைக்கும் புது ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) மருந்தான லெகனமாபின் பரிசோதனையை இப்போது பாருங்கள். 1,795 பேர், 18 மாதம். வெற்று மருந்து (பார்க்க மருந்து மாதிரி, உள்ளே மருந்து இல்லாதது) பெற்றவர்கள் இந்த அளவுகோலில் சராசரியாக 1.66 புள்ளி சரிந்தார்கள், மருந்து பெற்றவர்கள் 1.21. வித்தியாசம் 0.45. "27 சதவீதம் மெதுவானது" என்ற தலைப்புச் செய்தி இதுதான். என் பென்சில் ஒரு கட்டத்தில் ஒரு படி நகர்ந்தாலே 0.5. நான் மருந்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அவ்வளவு பேரை வைத்துச் சராசரி எடுத்ததால் அந்த வித்தியாசம் உண்மையானதுதான். ஆனால் ஒரு வீட்டில், ஒரு சாப்பாட்டு மேசையில், அந்த 0.45ஐக் கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

பழையகணக்கு | சனி, காலை 8:02

பென்சில்முனை அம்மா சொன்னதற்குப் பிறகு புள்ளியியல்காரன் எனக்கு வேலை சுலபம்.

அளவுகோல் ஆடுகிறது, நோயோ மெதுவாக நகர்கிறது. ஆரம்ப நிலையில் இருப்பவர் ஒன்றரை வருடத்தில் 18க்கு ஒன்றரைப் புள்ளிதான் சரிகிறார். அந்தச் சின்னச் சரிவில் கால் பங்கைக் குறைத்தோம் என்று நிரூபிக்க ஆயிரத்துக்கு மேல் ஆள் வேண்டும், ஒன்றரை வருடம் வேண்டும். ரத்தக் கொதிப்பு மருந்தென்றால் சில வாரத்தில் கருவியே சொல்லிவிடும். இங்கே சின்னப் பரிசோதனை நடத்தினால் அதிர்ஷ்டத்தையும் மருந்தையும் பிரிக்க முடியாது. டைமீபான் என்று ஒன்று வந்தது. இரண்டாம் கட்டப் பரிசோதனையில் பிரமாதம், எல்லோரும் துள்ளினார்கள். 2010இல் பெரிய பரிசோதனையில் பூஜ்யம்.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நோயே இல்லாதவர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று உட்கார்ந்திருக்கிறோம். உயிரோடு இருப்பவர் மூளையில் அமிலாய்டைப் பெட் ஸ்கேனில் காட்டும் முறை 2004இல்தான் கட்டுரையாக வந்தது. அது பரவலாவதற்கு இன்னும் பல வருடம் ஆயிற்று. அதுவரை அறிகுறியை வைத்துத்தான் ஆள் சேர்த்தார்கள். பாபினியூசுமாப் பரிசோதனையில் ஒரு பகுதியினரை மட்டும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு இல்லாதவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் மூளையில் கணிசமான அமிலாய்டே இல்லை! அமிலாய்டைத் துடைக்கும் மருந்து, துடைக்க அமிலாய்டு இல்லை. சுத்தம்.

சந்தேகப்பிராணி | சனி, காலை 8:30

துடைக்க அமிலாய்டு இருந்தவர்களுக்கு மட்டும் என்ன கிடைத்தது? அமிலாய்டுக்கு எதிரான ஏஎன்-1792 தடுப்பூசியை மறந்துவிட்டீர்களா? சுமார் 300 பேரில் 18 பேருக்கு மூளை அழற்சி வந்து 2002இல் நிறுத்தினார்கள். அதில் பங்கெடுத்துப் பின்னால் இறந்த சிலரின் மூளையைத் திறந்து பார்த்தபோது படிவு ஏறக்குறைய முழுதாகக் காணாமல் போயிருந்தது. ஆனால் அவர்கள் கடுமையான டிமென்ஷியாவோடுதான் இறந்திருந்தார்கள். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

எலிவளை | சனி, காலை 9:14

நியாயமான அடி. அது என்னையும் ரொம்ப நாள் தூங்கவிடாத செய்தி.

உற்பத்தியையே நிறுத்தலாமே என்று போனவர்கள் கதை அதைவிட மோசம். அமிலாய்டை வெட்டித் தருவது இரண்டு நொதிகள். அதில் ஒன்றை முடக்கும் செமாகசெஸ்டாட் 2010இல் நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்தவர்களின் ஞாபகம் வெற்று மருந்துக்காரர்களைவிட வேகமாகச் சரிந்தது, தோல் புற்றுநோயும் கூடியது. காரணம் பிறகு யோசித்தால் எளிதாகவே இருக்கிறது: அந்தக் கத்தரிக்கோல் அமிலாய்டை மட்டும் வெட்டவில்லை, உடம்பில் வேறு பல புரதங்களையும் அதுதான் வெட்டுகிறது. அதைப் பிடுங்கினால் அத்தனையும் நிற்கும். சரி, மற்ற நொதியை முடக்கலாம் என்றார்கள். வெருபெசெஸ்டாட், அடாபெசெஸ்டாட், உமிபெசெஸ்டாட் என்று 2017இலிருந்து 2019க்குள் வரிசையாக விழுந்தன. அங்கேயும் சிந்தனைத் திறன் லேசாக மோசமானதுதான் மிச்சம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

அமிலாய்டு வெறும் குப்பை இல்லை, மூளைக்கு அதில் ஏதோ காரியம் இருக்கிறது என்ற சந்தேகம் எனக்கு வந்தது அப்போதுதான்.

நடுநிசி | சனி, பகல் 11:50

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நீங்கள் எல்லோரும் "பங்கேற்பாளர்" என்கிறீர்களே, என் அம்மா அதில் ஒருவர். எந்த மருந்து, எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை.

சேருவதற்கே நாலு மாதம். ரத்தம், எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன், முதுகுத்தண்டில் ஊசி. கூட ஒருவர் கட்டாயம் வர வேண்டும், அதனால் என் வேலையில் விடுப்பு எல்லாம் கரைந்தது. அப்புறம் மாதம் ஒரு தடவை நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து. அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஏன் வந்திருக்கிறோம் என்று மறந்துவிடும். "எனக்கு என்ன உடம்புக்கு?" என்பார். "ஒன்றுமில்லை அம்மா, சத்து ஏற்றுகிறார்கள்" என்பேன். பரிசோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். பத்து மாதம் கழித்து அந்தச் சம்மதம் அவருக்கே தெரியாது. அது சம்மதமா என்று இரவில் யோசிப்பேன்.

பாதியில் ஒரு நாள் காலை, பரிசோதனை தோல்வி, நிறுத்தம் என்று இணையச் செய்தியில் பார்த்தேன். மையத்திலிருந்து தொலைபேசி வந்தது அதற்கு மறுநாள். பல மாதம் கழித்துக் கடிதம் வந்தது: அம்மாவுக்குப் போனது வெற்று மருந்து.

கோபம் வந்ததா என்று கேட்டால், இல்லை. அந்த மாதங்களில் ஞாபகம் கொஞ்சம் தேறியிருக்கிறது என்று நானே சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். அதை நினைத்தால்தான் வெட்கமாக இருந்தது.

பென்சில்முனை | சனி, பகல் 12:20

நடுநிசி, வெட்கப்பட ஒன்றும் இல்லை அம்மா. ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வெற்று மருந்துப் பிரிவு என்று ஒன்று வைப்பதே அதற்காகத்தான். உங்கள் அம்மா இல்லாமல் அந்த மருந்து தோற்றது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

மையம் நடந்துகொண்ட விதம் தப்பு. எங்கள் பக்கத்திலும் அது நடந்திருக்கிறது. நோயாளி கேட்கும்போதுதான் எங்களுக்கே செய்தி தெரியும்.

பழையகணக்கு | சனி, மாலை 4:45

தீக்குச்சி, வீடு என்று எலிவளை சொன்ன இடத்துக்குத் திரும்புகிறேன், மையமே அதுதான் என்று நினைக்கிறேன். அறிகுறி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே படிவு சேர ஆரம்பித்துவிடுகிறது. "ஆரம்ப நிலை நோயாளி" என்று நாம் சொல்பவர் நோயின் கணக்குப்படி பின்பாதியில் இருக்கிறார்.

அப்படியென்றால் முன்பே கொடுக்கலாமே? கொடுத்தார்கள். அறிகுறி இல்லாத, ஆனால் ஸ்கேனில் அமிலாய்டு தெரிந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து சொலனெசுமாப் என்ற ஆன்டிபாடிக்குப் பரிசோதனை, நாலரை வருடம். 2023இல் முடிவு: பலன் இல்லை. கொலம்பியாவின் அன்டியோகியா பகுதியில் ஒரே மரபணு மாற்றத்தால் நாற்பதுகளில் மறதி வரும் பெரிய குடும்பங்கள் இருக்கின்றன. யாருக்கு எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிவதால், நோயைத் தடுக்க முடியுமா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 252 பேர், ஐந்து முதல் எட்டு வருடம், கிரெனெசுமாப் என்ற இன்னொரு ஆன்டிபாடி. 2022இல் அதுவும் கைவிரித்தது. சொலனெசுமாப், கிரெனெசுமாப் இரண்டுமே கெட்டிப்பட்ட படிவைப் பெரிதாகக் கரைக்காத வகை என்பதைக் கவனிக்க வேண்டும். லெகனமாப், டொனனெமாப் கரைக்கும். அவற்றை வைத்து அதே தடுப்புப் பரிசோதனைகள் இப்போது நடக்கின்றன.

நோய்க்கு 20 வருட முன்தொடக்கம், மருந்தின் காப்புரிமைக்கும் 20 வருட ஆயுள். எந்த நிறுவனக் கணக்கர் இதில் கையெழுத்துப் போடுவார்?

அதே கொலம்பியக் குடும்பங்களில் ஒரு பெண்மணி. மூளை நிறைய அமிலாய்டு, ஆனால் எழுபது வயது தாண்டும்வரை மறதி எட்டிப் பார்க்கவில்லை. அவரிடம் ஏபிஓஇ மரபணுவில் அரிய மாற்றம் ஒன்று இரண்டு பிரதியாக இருந்தது, டாவ் முடிச்சுகள் குறைவு. 2019இல் இதை வெளியிட்டார்கள். தீக்குச்சிக்கும் வீட்டுக்கும் நடுவே ஏதோ ஒரு கதவு இருக்கிறது, அவருக்கு அது சாத்தியிருந்தது.

சந்தேகப்பிராணி | சனி, மாலை 5:10

அந்தக் கதவைப் பற்றி 1992இலிருந்து யோசித்திருக்கலாம் என்பதுதான் என் வயிற்றெரிச்சலே. டாவைக் குறிவைத்த முதல் ஆன்டிபாடிகளும் தோற்றன என்று யாரும் எழுத வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். தெரியும்.

இழைப் பொறுப்பாளர் | சனி, மாலை 5:32

"21 நாளில் ஞாபகம் திரும்பும்" விளம்பரப் பதிவு ஒன்றை நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

மாத்திரைப்பெட்டி | சனி, இரவு 9:05

எல்லோருக்கும் நன்றி. நடுநிசியின் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

சுயநலமாக ஒரு கேள்வி. அப்பாவுக்கு 78 வயது. பெயர்கள் மறந்து, இப்போது குளிப்பதற்கே உதவி வேண்டும். இதயத் துடிப்பு சீரில்லாததால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் போகிறது. லெகனமாப் மாதிரிப் புது மருந்துக்கு நான் ஓடியாட வேண்டுமா?

கருப்புவெள்ளைப்படம் | சனி, இரவு 10:18

எம்ஆர்ஐ படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். உங்கள் அப்பாவைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான் முடிவு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் அந்த மருந்துக்கான கட்டத்தைத் தாண்டிவிட்டார். லேசான மறதி, லேசான டிமென்ஷியா, இந்த இரண்டுக்கும்தான் அனுமதி.

ரத்தம் உறையாமைக்கான மாத்திரை இன்னொரு தடை. ஏன் என்று சொல்கிறேன். அமிலாய்டு மூளைத் திசுவில் மட்டும் இல்லை, ரத்தக்குழாய்ச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. ஆன்டிபாடி போய் அதைச் சுரண்டும்போது சுவர் கசிகிறது. படத்தில் மூளையின் ஒரு பகுதி மட்டும் ஈரம் கோத்த சுவர் மாதிரி வெளுத்துத் தெரியும், அது வீக்கம். இன்னொரு வகைப் படத்தில் மிளகு தூவினாற்போலக் கரும்புள்ளிகள், அவை நுண்கசிவுகள். லெகனமாப் பரிசோதனையில் வீக்கம் 12.6 சதவீதம் பேருக்கு. ஏபிஓஇ4 இரண்டு பிரதி உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 32.6. டொனனெமாபில் மொத்தத்தில் 24 சதவீதம், மருந்தோடு தொடர்புள்ளதாகக் கருதப்பட்ட மூன்று மரணங்கள். பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லாமல் தானாக வடிந்துவிடும், ஆனால் அதைப் படம் எடுத்தால்தான் தெரியும். அதனால்தான் முதல் சில மாதங்களில் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ.

கொடுமை என்னவென்றால், ஏபிஓஇ4 இரட்டைப் பிரதிக்காரர்களுக்குத்தான் அல்சைமர் ஆபத்தே அதிகம். யாருக்கு மருந்து அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் மருந்தும் ஆபத்து.

எலிவளை | சனி, இரவு 10:40

இதோடு ஒன்று சேர்க்கிறேன். நரம்பில் ஏற்றும் ஆன்டிபாடியில் மூளைக்குள் போய்ச் சேருவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அவ்வளவு கறார். அதனால் அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுக்கிறோம். இப்போது ட்ரொன்டினெமாப் என்று ஒன்று பரிசோதனையில் இருக்கிறது. மூளை தனக்கு வேண்டிய இரும்புச்சத்தை இழுத்துக்கொள்ள ஒரு வாசல் வைத்திருக்கிறது. அந்த வாசலின் பிடியில் தொற்றிக்கொண்டு உள்ளே போகும் வித்தை. எனக்குக் கொஞ்சம் ஆசை காட்டும் ஒரே ஆன்டிபாடி அதுதான். ஏழு வருடம் ஆசைப்பட்டவன் சொல்கிறேன், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, காலை 7:25

நான் குறையே சொல்கிறேன் என்று தனிமடலில் ஒருவர் திட்டியிருக்கிறார். சரி, எனக்குப் பிடித்ததையும் சொல்கிறேன்.

வேல்ஸில் 2013இல் அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது ஒரு விதி வைத்தார்கள். 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஊசி உண்டு. அதற்கு ஒரு நாள் முன்னால் பிறந்திருந்தாலும் கிடையாது. பிறந்த தேதி ஒரு வாரம் முன்னேபின்னே இருப்பவர்கள் மற்ற எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதானே? யாரும் திட்டமிடாமலே ஒரு பெரிய பரிசோதனை நடந்துவிட்டது. ஏழு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு டிமென்ஷியா வந்தது சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2025இல் நேச்சரில் வந்தது. அமிலாய்டு கோஷ்டியின் கனவிலும் வராத இடத்திலிருந்து!

பழையகணக்கு | ஞாயிறு, காலை 8:10

அருமையான ஆய்வு, நானும் ரசித்தேன். ஒரு குண்டூசி மட்டும் குத்துகிறேன். மருத்துவப் பதிவேட்டுப் புள்ளிவிவரத்தில் நன்றாகத் தெரிந்த சர்க்கரை நோய் மருந்து செமாகுளுடைட், அல்சைமரின் வேகத்தைக் குறைக்கும் என்று நம்பி இரண்டு பெரிய பரிசோதனை நடத்தினார்கள். 2025 நவம்பரில் இரண்டும் தோல்வி. பதிவேடு காட்டும் பாதை எல்லாம் ஊர் போய்ச் சேருவதில்லை. அக்கி ஊசி அதைவிட வலுவான சாட்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நடுநிசி | ஞாயிறு, பகல் 2:15

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அம்மா போன வருடம் போய்விட்டார். மூளையை ஆய்வுக்குத் தர வேண்டும் என்று, நல்ல ஞாபகம் இருந்தபோதே எழுதிக் கொடுத்திருந்தார். அறிக்கை வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு பக்கம். அமிலாய்டு இருந்தது, டாவ் முடிச்சு இருந்தது. அதற்குக் கீழே, லூயி துகள்கள். அதற்குக் கீழே, சிறு ரத்தக்குழாய்ச் சேதம், யாருக்கும் தெரியாமல் வந்துபோன பழைய சின்னப் பக்கவாதங்கள் இரண்டு. மரண காரணத்தில் "அல்சைமர்" என்று ஒற்றை வார்த்தை.

எனக்கு இதை யாராவது விளக்க முடியுமா?

கருப்புவெள்ளைப்படம் | ஞாயிறு, பகல் 3:02

உங்கள் அம்மாவுக்கு வணக்கம்.

எண்பதுக்கு மேல் போனவர்களின் மூளையில் இது விதிவிலக்கு இல்லை, பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இரண்டு மூன்று நோய் ஒன்றாகக் குடியிருக்கும். லூயி துகள் என்பது வேறொரு புரதம் திரண்டது, பார்க்கின்சன் நோயில் காண்பது. உயிரோடு இருக்கும்போது ஸ்கேனில் அமிலாய்டு தெரிந்தது, அதனால் அல்சைமர் என்று சேர்த்துக்கொண்டார்கள். தப்பில்லை. ஆனால் அன்று அவருக்கு நிஜமான மருந்தே போயிருந்தாலும், அது அந்தப் பட்டியலின் முதல் வரியைத்தான் தொட்டிருக்கும்.

எலிவளை | ஞாயிறு, பகல் 3:20

எங்கள் எலிகளுக்கு அந்த முதல் வரி மட்டும்தான் இருந்தது.

மாத்திரைப்பெட்டி | ஞாயிறு, இரவு 8:48

நடுநிசி, இதை இங்கே எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

செவ்வாயன்று அப்பாவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். புது ஊசியைப் பற்றிக் கேட்பதாக இருந்தேன். அதற்குப் பதில் ரத்தக் கொதிப்பு, பழைய எம்ஆர்ஐயில் சிறு ரத்தக்குழாய் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா, இந்த இரண்டையும் கேட்கப் போகிறேன். கருப்புவெள்ளைப்படம், படத்தைப் பற்றி அவரிடம் எந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்க வேண்டும்?

அம்மாவிடம் இன்று மாலை எலி, தொட்டி கதையைச் சொன்னேன். "பாவம், அதுக்கு நீந்த இஷ்டமில்லையோ என்னவோ" என்றார். அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். பெட்டியில் புதன்கிழமை அறையைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்று என்ன கிழமை என்று கேட்டார்.

கருப்புவெள்ளைப்படம் | ஞாயிறு, இரவு 9:10

"வெண்பொருள் மாற்றங்கள் எவ்வளவு, நுண்கசிவு ஏதும் இருக்கிறதா" என்று கேளுங்கள். பழைய படத்தின் தகடு இருந்தால் அறிக்கையை மட்டும் எடுத்துப் போகாமல் தகட்டையே எடுத்துப் போங்கள்.